யானை மிட்டாய்க் கடன்

என் அக்கா மகன் எனக்குத் தர வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அது என் வயிற்றுக்கு என்று வைத்திருந்த பணம். கிடங்கில் இத்தனை வருடம் மூட்டை தூக்கியதில் அடிவயிற்றின் இடது பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். குடலிறக்கம், தைத்துவிடலாம், தள்ளிப்போடாதே என்றார் டாக்டர். ஆகும் செலவையும் சொன்னார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த வயிற்றுக்கே சேர்த்தேன். சேர்ந்து முடிந்த வாரம் மருமகன் வந்தான். இரண்டு மாதத்தில் திருப்பிவிடுகிறேன் மாமா என்றான். கொடுத்துவிட்டேன்.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "வயித்துக்குள்ள இருக்க வேண்டியது வெளிய வந்துட்டிருக்கு. பெட்டிக்குள்ள இருந்ததும் வெளிய போயிடுச்சா?"

மருமகனை வீட்டில் எல்லாரும் ஆன்டெனா என்றுதான் கூப்பிடுவோம். அவன் சின்னப் பையனாக இருந்தபோது டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல் விளக்கினானோ இல்லையோ வந்துவிடுவான். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்புவது அவன் வேலை. "தெரியுதா மாமா, தெரியுதா?" என்று மேலே இருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பான். தெரிகிறது என்று நான் சொல்லி, அவன் இறங்கி வருவதற்குள் பாதி படம் ஓடியிருக்கும். இப்போது இருபத்தாறு வயது. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. மாடியிலிருந்து அவன் இறங்கிவிட்டான், பெயர் இறங்கவில்லை.

பணம் வாங்கிப் போன மூன்றாம் நாள் ஒரு சின்ன வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளே நாற்பது அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் கண் சொருகிய ஒரு யானைப் படம்.

"என்னடா இது?"

"யானை மிட்டாய் மாமா. மறந்துட்டீங்களா?"

எனக்கு எப்படி மறக்கும். டிவியில் ஒரு யானை வரும். அதற்குத் தூக்கம் தாங்காது. படுக்க இடம் தேடி ஊர் ஊராய்ப் போகும். ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தால் பெஞ்சு உடையும், ஹோட்டல் கட்டிலில் படுத்தால் மாடியே இறங்கும். பிறகு ஊரே துரத்தும், யானை கொட்டாவி விட்டபடி ஓடும். வாராவாரம் இதேதான். அந்த யானையின் பேரில் ஒரு மிட்டாய் வந்தது. ஒரு மிட்டாய் வாங்கினால் கடைக்காரர் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பட அட்டையும் எடுத்துத் தருவார். அறுபது படம். அறுபதையும் சேர்த்த பிள்ளை ஊரில் கிடையாது, கடைக்காரர் மகனைத் தவிர. டிவியில் யானை நின்றதும் மிட்டாயும் நின்றுபோனது. கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு மொத்த வியாபாரியின் பின்கட்டில் இந்தப் பெட்டிகள் பத்திரமாய்க் கிடந்ததாம்.

"மிட்டாய் திங்கிற வயசாடா உனக்கு?"

"திங்கிறதுக்கு இல்ல மாமா. சீல் பிரிக்காத பெட்டியா இருந்தா வாங்கிச் சேர்த்து வைக்கிறவங்க இருக்காங்க. போட்ட காசு ஒண்ணுக்கு ரெண்டா வரும்."

"பிரிச்சா?"

"பிரிச்சா குப்பை."

என் மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "மூடி வெச்ச மிட்டாய்க்கு அவ்வளவு விலையா. நானும் ஒரு நாள் சமைச்சதை மூடியே வெச்சிடறேன், எவனாவது வந்து வாங்கிட்டுப் போகட்டும்."

அவன் தங்கியிருந்த அறையில் அவனே குறுக்காகத்தான் படுக்க வேண்டும். அதனால் பெட்டிகள் எங்கள் முன்னறையில் ஏறின. சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியதில் ஜன்னல் மறைந்துபோனது. மருமகன் தினமும் வேலை முடிந்து வருவான். பெட்டிகளைத் தடவிப் பார்ப்பான். வாங்குகிற ஆளைத் தேடுகிறேன் என்பான். இருபத்தாறு வயதில் ஒருத்தனுக்கு என்ன பழைய நினைப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும். அவன் பார்க்கும் செல்போன் கடை அவனுக்கு நாலாவது வேலை. அறையும் நாலாவது அறை. போன வருடத்தைப் பற்றிக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை யானையைப் பற்றிக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. எனக்கு வலி கூடியது. முதலாளி மூட்டை தூக்காதே, சரக்கு எண்ணிக்கொண்டு உட்கார் என்று சொல்லி, கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் போய் நாள் குறித்துக்கொண்டு வரச் சொன்னாள் மனைவி. நாள் குறித்துவிட்டால் பணம் தானாக வரும் என்பது அவள் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அதற்குள் முன்னறையில் நடக்கவும் வழியில்லை, காற்றும் இல்லை. பெட்டிகளைப் பின்னறைக்கு மாற்றிவிடச் சொல்லி மொட்டையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மொட்டை என்னோடு கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தலை நிறைய முடி உண்டு. ஒரு தரம் அடித்த மொட்டைக்கு ஆயுசுக்கும் பெயர். எதைச் சொன்னாலும் தட்டாமல் செய்வான். சொல்லாததையும் செய்வான்.

ஆஸ்பத்திரியில் அடுத்த மாத ஆரம்பத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும் என்றார்கள். திரும்பி வந்தோம். முன்னறை பளிச்சென்று இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. மொட்டை வாசற்படியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒரு கெட்ட சேதி. உங்க மருமகனை எவனோ நல்லா ஏமாத்திட்டான். எல்லாம் தேதி போன சரக்கு. நேத்து முந்தாநேத்து இல்ல, பதினஞ்சு வருசம்."

"சரி, அதனால?"

"அதனாலயா? கிழிச்சுட்டேன்."

கிடங்கில் அதுதான் சட்டம். தேதி போன சரக்கு கையில் பட்டால் அப்படியே எறியக் கூடாது. எறிந்ததை எவனாவது பொறுக்கிக்கொண்டு போய்ப் பாதி விலைக்கு விற்றுவிடுவான், பிள்ளைகள் தின்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பெட்டியைக் கீறி, உள்ளே இருப்பதைச் சாக்கில் கொட்டிவிட வேண்டும். மாதக் கடைசியில் நாங்கள் இருவரும் செய்யும் வேலை. மொட்டையின் இடுப்பில் பிளேடு இல்லாத நாள் கிடையாது. நாற்பது பெட்டியையும் கீறியிருந்தான். மிட்டாய் ஒரு சாக்கு, பட அட்டை ஒரு சாக்கு. காலிப் பெட்டிகளைத் தட்டையாக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். என் மனைவி எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மருமகன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். ஆள் கிடைத்துவிட்டது, மொத்தமாக எடுத்துக்கொள்கிறார், நாளைக்கே வண்டி அனுப்புகிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், சாக்குகளைப் பார்த்தான். கட்டிவைத்த பெட்டிகளைப் பார்த்தான். கண் சொருகிய நாற்பது யானையும் கழுத்தோடு கீறப்பட்டிருந்தன.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மொட்டைதான் தவித்துப்போனான்.

"தம்பி, திட்டுறதா இருந்தா திட்டிடு. இப்படிப் பாக்காத. தேதி போனா கிழிக்கணும்னு எனக்குக் கையிலயே ஊறிப்போச்சு."

"உங்களைச் சொல்லி என்னண்ணே பிரயோஜனம். மாமாவுக்கு எப்போ ஆப்பரேசன்?"

சொன்னேன். அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு ஒரு நர்ஸ் வந்தாள். அவனோடு பள்ளியில் படித்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. துக்கம் கேட்க வந்த மாதிரி வாசலிலேயே செருப்பை மெதுவாகக் கழற்றினாள். சாக்கைத் திறந்து பார்த்தாள். மருமகன் ஒரு மிட்டாயை உரித்து வாயில் போட்டான்.

"டேய், தேதி போனதை ஏன்டா திங்கிற? துப்பு."

"கிழிச்சாச்சு, கெட்டாச்சு, தின்னாவது பாக்கிறேன்." மென்றான். முகம் சுருங்கியது. "சோப்பு மாதிரி இருக்கு."

"அப்பவும் சோப்பு மாதிரிதான் இருந்துச்சு. நீ மறந்துட்ட."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்தால் வயிறு பிதுங்கும் என்பதால் ஒரு கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அவள் அட்டைச் சாக்குக்குள் கைவிட்டாள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். "ஏய், இது நாற்பத்தேழு. நாற்பத்தேழை நீ பார்த்திருக்கியா?"

"இல்லியே."

"டிவில நின்னது கப்பல் முழுகினதோட. அதுக்கப்புறம் எதுவும் வரல. அந்த நேரத்துல பாத்திரம் விக்கிற விளம்பரம் போட்டாங்க. அடுத்த வாரம் வரும் அடுத்த வாரம் வரும்னு எத்தனையோ வாரம் அந்தக் குக்கரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அது கடைசியில தூங்கிச்சா இல்லையான்னு இன்னிவரைக்கும் தெரியாது." அவள் நிமிர்ந்தாள். "அட்டையில இருக்கும்டா."

சாக்கைத் தரையில் கவிழ்த்தார்கள். ஒன்றிலிருந்து வரிசையாக வைக்கத் தொடங்கினார்கள். வாசலில் ஆரம்பித்த வரிசை கட்டிலைச் சுற்றிச் சமையலறைப் பக்கம் திரும்பியது. மொட்டை தேடி எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு அட்டைக்கும் இருவருக்கும் சண்டை. இது மழை நாள், உன் மாமா வீட்டில் கரண்ட் இல்லை, எங்கள் வீட்டில் பார்த்தாய். இல்லை, அன்றைக்கு நீ அழுதாய். யானையின் பாட்டை இருவரும் பாடிப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் இரண்டாம் வரி வரவில்லை. மெட்டு மட்டும் வந்தது.

கப்பல் முழுகும் அட்டைக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. யானை நீந்திக் கரையேறியது. குகையில் படுத்தது, உள்ளே இருந்த கரடி குறட்டை விட்டது. அரண்மனைக்குப் போனது, அங்கே மெத்தை கிழிந்து பஞ்சு பறந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "அடுத்தது எங்க, எடு" என்றாள். ஐம்பத்தொன்பதில் மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த யானை ஒரு பழைய மதிலோரம் வந்து நின்றது.

அறுபதை மொட்டைதான் கண்டெடுத்தான். நர்ஸ் வாங்கி வைத்தாள்.

மழை விட்டிருந்தது. யானை மதிலில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. மதில் உடையவில்லை.

நர்ஸ்தான் முதலில் மூச்சை விட்டாள். "அப்பாடா. தூங்கிடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்ததற்கு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "நைட் டியூட்டி முடிஞ்சு படுத்துத் தூக்கம் வராட்டி எனக்கு இதுதான் ஞாபகம் வரும், மாமா. அதுவும் இன்னும் தூங்கியிருக்காதுன்னு."

மொட்டை குனிந்து அட்டையை உற்றுப் பார்த்தான். "இதுக்கா இவ்வளவு அலைச்சல்? நான் தினம் மதியம் லாரிக் கதவுல சாஞ்சு இப்படித்தான் தூங்குறேன். என்னைக் கேட்டிருந்தா முதல் வாரமே சொல்லியிருப்பேன்."

அட்டைகளை விற்கும் யோசனை நர்ஸுடையதுதான். ஐம்பத்தொன்பது அட்டையை நேராகவும் கடைசி ஒன்றைக் கவிழ்த்தும் வைத்துப் படம் எடுத்தாள். யானை தூங்கிச்சா இல்லையா, எங்களுக்குத் தெரியும் என்று எழுதி, கூடப் படித்தவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் தங்கள் கூட்டாளிகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் மருமகனின் போன் ஓயவில்லை. எங்கெங்கோ வேலைக்குப் போயிருந்த பிள்ளைகள். ஒருத்தன் கேஸ் அடுப்பு விற்கிறான், ஒருத்திக்குக் கைக்குழந்தை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. சிலர் பதிலைச் சொல்லாதே, அட்டையை அனுப்பு, நானே வைத்துப் பார்க்கிறேன் என்றார்களாம்.

ஒரு வாரம் எங்கள் முன்னறையில் அறுபது அறுபதாகப் பிரித்துக் கட்டினார்கள். மொட்டை வேலை முடிந்ததும் நேராக வந்துவிடுவான். பிளேடைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று அவளே சட்டம் போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் மருமகன் வந்தான். ஒரு பொட்டலத்தை என் மனைவியிடம் நீட்டினான். அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"முப்பத்தேழாயிரத்து எண்ணூறு இருக்கு. அறுநூறு குறையுதே."

"ஒரு செட்டு அறுநூறு அத்தை. மாமாவுக்குத் தர வேண்டியதை இருக்கிற செட்டால வகுத்துத்தான் விலையே வெச்சேன். எல்லாம் போயிடுச்சு. கடைசி செட்டை மட்டும்..." தலையைச் சொறிந்தான். "அதை விக்க மனசு வரல. சம்பளம் வந்ததும் தந்துடறேன்."

"லாபம்?"

"ஒண்ணும் இல்ல."

"ரெண்டு மாசம் என் வீட்டை அடைச்சு வெச்சதுக்கு வாடகை?"

அவள் பணத்தை முந்தானையில் முடிந்தாள். நான் பணப்பெட்டியைத் திறக்கும் முன்பே முடிந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த இரண்டு மாதத்தில் நெற்றியில் விழுந்திருந்த கோடு இறங்கியிருந்தது. அன்று காலை எனக்கும் வலி அவ்வளவாகத் தெரியவில்லை, அல்லது அதை நினைக்கவில்லை.

"அறுநூறை நான் விட்டுட்டேன்" என்றாள். "இனிமே அதைப் பத்தி நீயும் பேசாத, உங்க மாமாவும் பேச வேண்டாம். ஆனா அந்த மிட்டாய் மூட்டையை இப்பவே எடுத்துட்டுக் கிளம்பு. எறும்பு என் அரிசி வரைக்கும் வந்துடுச்சு."