மஞ்சள் கோடு

தகரக் கொட்டகையில் இரண்டு எஞ்சின்கள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒன்று பழைய காரிலிருந்து கழற்றியது, எருமைக் கன்று கனம். இன்னொன்று எங்கோ பறந்து ஓய்ந்த குட்டி விமானத்தின் டூ ஸ்ட்ரோக். அதை ஒரே ஆள் தூக்கிவிடலாம். டெனிசனும் அவன் மனைவி பெனிஷாவின் தம்பி நிர்மலும் வருஷக்கணக்கில் கட்டிய ஒற்றை ஆள் விமானம், எஞ்சின் இல்லாத மூக்கோடு ஓரமாக நின்றது. ஊர் நாகர்கோவில் பக்கம், பிழைப்பு ஒரகடத்து ஆலையில், வாடகை வீடு பிள்ளைப்பாக்கத்தில். வீட்டுக்கார நடேசன் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாபா, வாடகை ஏத்துனா பறந்து பூடலாம்னு பாக்குறீங்களா?" என்பார்.

"சின்னதே போதும் அத்தான். கார் எஞ்சின மாட்டுனா இது தரைய விட்டு எந்திக்குமா?"

"எந்திக்கும். கொஞ்சம் முக்கும், அவ்வளவுதான். சின்னது சூடாயி பிஸ்டன் பிடிச்சிட்டுன்னா, மேல எறங்கித் தள்ளுவியாலே?"

நிர்மல் சிரித்தான். பறக்கப் போகிறவன் அவன்தான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் சின்னது, இல்லையென்றால் கார் எஞ்சின். ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியது டெனிசன்.

ஆலையிலும் அவனுக்கு அதே வேலை. ஒவ்வொரு எஞ்சினும் அவன் முன்னால் ஒரு நிமிஷம்கூட ஓடாது. சத்தம் சரியாக இருந்தால் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து மஞ்சளில் ஒரு கோடு இழுப்பான். கோடு இருந்தால் அடுத்த ஆள் கேள்வி கேட்காமல் மாட்டுவான். நைட் ஷிப்டுக்கு மாறும்வரை அந்த அடுத்த ஆள் நிர்மல்தான்.

சனிக்கிழமை சின்னதை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டி ஓடவிட்டான். குறை சொல்ல முடியாத சத்தம். கை தானாகப் பைக்குள் போய், மார்க்கரை எடுத்து, கோட்டை இழுத்து, மூடியைத் திருகிப் பழையபடி வைத்தது. பழகின கைக்குப் புத்தி எதற்கு? இழுத்தது அவனுக்கே உறைக்கவில்லை. அதற்குள் சூப்பர்வைசர் போன் செய்து ஓ.டி.க்குக் கூப்பிட்டார். மிச்சத்தைப் பிறகு ஓட்டிக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டு ஓடினான். ஞாயிற்றுக்கிழமையும் அவனை விடவில்லை.

ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது, போனில் நிர்மல் கூப்பிட்ட அழைப்புகள் இருந்தன. அதற்கு மேலே பெனிஷாவின் அழைப்புகள். சின்னதை மாட்டி நிர்மல் ஏறிய விமானம், மனைக்கற்கள் மட்டும் முளைத்த லேஅவுட் ரோட்டில் ஓடி எழும்பி, பனை உயரம் போனதும் பிஸ்டன் பிடித்து விழுந்துவிட்டதாம். ஓடிப்போய்ப் பார்த்த டெனிசனுக்கு, நசுங்கின மூக்கில் அந்த மஞ்சள் கோடுதான் முதலில் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். துக்கத்தில் உட்கார்ந்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நிர்மலை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். பதறாத காரியம் சிதறாது, பையன் அவசரப்பட்டுட்டான் என்று கேட்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். டெனிசனும் தலையாட்டினான். பெனிஷாவும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். "ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டானா, பாவி."

போலீஸ் விசாரித்து முடித்துத் திருப்பித் தந்த எஞ்சினைப் பெனிஷா தூக்கிப்போட விடவில்லை. வாசலில் வைத்து மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாள். காய்ந்த சேறு உதிர்ந்தது, கரி போயிற்று. ஓரிடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அவன் ஷிப்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தக் கறை மட்டும் போவ மாட்டேங்கு."

"அது போவாது."

வாய் தவறி வந்துவிட்டது. பெனிஷாவின் கை நின்றது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நிமிர்ந்தாள்.

அவள் பார்வை அவன் முகத்துக்கு வருமுன் சட்டைப்பையில் நின்றது. அங்கே மார்க்கரின் மஞ்சள் மூடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.