நம்பகத்தன்மை: பத்துக்கு மூன்று

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. உட்கார்ந்தது ஒரு மதிப்பீட்டு அறிக்கை எழுத. பதிப்பகத்துக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் பிழைப்பு. இம்முறை வந்தது பதின்ம வயதினருக்கான மர்ம நாவல். முகம் தெரியாத ஒருவன் ஒரு பெண்ணுக்குத் தினமும் செய்தி அனுப்பி மிரட்டுகிறான். நூற்றைம்பது பக்கம்வரை அவள் வாயே திறப்பதில்லை.

நான் எழுதினேன்: 'நம்பகத்தன்மை: பத்துக்கு மூன்று. அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் இப்படி மூடி மறைக்க மாட்டாள்.' எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

2

(இந்தப் பகுதியின் தொடக்கங்கள்: 'அன்று நல்ல மழை'. பொய், வெயில். 'என் மகள் எப்போதும் கலகலப்பான'. அடித்துவிட்டேன். அவள் அப்படித்தானா என்று எனக்கு இப்போது தெரியாது.)

இளையோர் நாவல் வந்தால் மகளும் படிப்பாள். அவளுக்குப் பதினைந்து வயது. சலித்த இடத்தில் பென்சிலால் புள்ளி, படபடத்த இடத்தில் கோடு. ஒரு சொல்கூட எழுதக் கூடாது. (சட்டம் என்னுடையது.)

இன்று காலை அவளிடமிருந்து பிரதி திரும்பி வந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று அந்தப் பெண் தவிக்கும் வரிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்: 'சொல்ல முடியாது. ஃபோனைப் பிடுங்கிடுவாங்க.'

நாவலில் வரும் அம்மா யாருடைய ஃபோனையும் பிடுங்குவதில்லை. போன வருடம் பிடுங்கியது நான்.

3

"கதை எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"கடைசியில சொல்லிடுறாளே, அது?"

"அந்த அம்மா மொதல்ல என்ன கேக்குறாங்க, அதுலதான் எல்லாம் இருக்கு." ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "நீ எவ்ளோ மார்க் போட்ட?"

மேசையில் ஃபோன் அதிர்ந்தது. இருவருமே எடுக்கவில்லை.

4

முடிவு அ: அது வெறும் கதைக் குறிப்புதான். இருவரும் சிரிக்கிறோம். (இதைத்தான் எழுத ஆசை.)

முடிவு ஆ: நான் ஃபோனை வெடுக்கென்று

இல்லை. இதை அவள் ஏற்கெனவே எழுதிவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அறிக்கையில் மூன்றை அடித்துவிட்டு அவள் பக்கம் தள்ளினேன். "தப்பாப் போட்டுட்டேன்டி" என்றேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஃபோன் மறுபடியும் அதிர்ந்தது.

கதையை இங்கேதான் நிறுத்தி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி என்ன? நான் எழுதிப் பார்த்த ஏழு கேள்விகளையும் அடித்துவிட்டேன். ஏழிலும் 'ஏன் எங்கிட்ட சொல்லல' என்பது எப்படியோ நுழைந்துவிடுகிறது. உங்களுக்கு வேறொன்று தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.