இருபத்தெட்டாம் நகர்வு

பருத்தித்துறையில் 2016ஆம் ஆண்டு ஆனி மாதம் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் இடையில் நிறுத்தப்பட்ட பின்னர், பலகையில் நின்ற பத்தொன்பது காய்களையும் எவராலும் தூக்க முடியவில்லை. அவை சாதாரண பிளாஸ்டிக் காய்கள். போட்டிக்கென்று வாங்கிய பன்னிரண்டு பெட்டிகளில் மற்றப் பதினொன்றும் அன்று பின்னேரமே கட்டப்பட்டு அலுமாரிக்குள் போய்விட்டன. இந்தப் பலகையை மடிக்க வந்த மண்டபக் காவலாளி முதலில் ஒரு காலாளைப் பிடித்து இழுத்தார். பிறகு முழங்கையால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டிவிடப் பார்த்தார். பிறகு முழங்கைக்கு எண்ணெய் பூச வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் கராஜிலிருந்து வந்த இருவர் குறடு போட்டு இழுத்ததில் குறட்டின் வாய்தான் விரிந்தது. பசை எதுவும் இருக்கவில்லை. காய்களுக்கு அடியில் ஒரு கடதாசித் தாள் சுகமாகப் போய்வந்தது.

வெள்ளைக் காய்களை ஆடியவள் பிரசாந்தி. துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துகிற ஏரம்புவின் ஒரே மகள். அப்போது இருபத்தேழு வயது. தகப்பனுக்கு மூட்டுவாதம் வந்தபிறகு கடையை அவள்தான் நடத்தினாள். கறுப்பை ஆடியவன் கரவெட்டியைச் சேர்ந்த சுபாஸ்கரன், கணித ரியூசன் கொடுக்கிறவன். வெல்கிறவர் கொழும்புக்கு மாகாண அணியோடு போகலாம் என்று இருந்தது. இருபத்துநான்காம் நகர்வில் பிரசாந்தி தன் கோட்டை ஒன்றை வெட்டக் கொடுத்தாள். மண்டபத்தில் இருந்தவர்கள் தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டு அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். சுபாஸ்கரனின் ராசாவுக்குக் காவல் இல்லை. அவளுடைய ராணியும் குதிரையும் வாசலடிக்கு வந்துவிட்டன. இருபத்தெட்டாம் நகர்வு அவளுடையது. கடிகாரத்தில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது.

அந்த நேரம் பரிசு கொடுக்க வந்த பிரதம விருந்தினர் நல்லூரில் இன்னொரு கூட்டத்துக்குப் போக அவசரப்பட்டார். அவருடைய வாகனம் எஞ்சின் நிறுத்தாமல் வெளியே நின்றது. போட்டியின் தலைமை நடுவர் ஆழ்வாப்பிள்ளை, ஓய்வுபெற்ற பதிவாளர், மேசையடிக்கு வந்து கடிகாரத்தை நிறுத்தினார். விரலால் தொட்டுத் தொட்டுக் காய்களை எண்ணினார்.

“நீ ஒரு கோட்டை குறைவு பிள்ளை. சுபாஸ்கரன் வெண்டிட்டார் எண்டு எழுதுறன்.”

“அது நான் குடுத்த கோட்டை, ஐயா. பறிகுடுத்த கோட்டை இல்லை.”

“குடுத்தா என்ன, பறிகுடுத்தா என்ன, குறைவு குறைவுதானே.”

பிரசாந்தி எதிரே இருந்தவனைப் பார்த்தாள். “நீங்கள் சொல்லுங்கோ,” என்றாள். சுபாஸ்கரன் தன் ராசாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் கொழுவினான். பத்து நிமிடத்தில் அவன் கையில் கிண்ணம் இருந்தது. கொழும்பில் அவன் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

ஆடி பிறக்குமுன் மண்டபத்தில் ஒரு கலியாணம் இருந்தது. மணவறை போட வேண்டிய இடத்தில் மேசை நின்றது. மேசையை அசைக்கலாம், பலகையையும் அசைக்கலாம், காய்கள் மட்டும் பலகையை விடாது என்பதால் மண்டபக்காரர் அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். ஏரம்பு ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினைப் பெட்டியோடு வாடகைக்குப் பிடித்து, பலகையை மேசையோடு ஏற்றிக் கொண்டுவந்தார். கிடங்கும் பள்ளமுமான கடற்கரை வீதியில் இரண்டு முறை மேசை கவிழ்ந்தது. ஒரு காலாள்கூடத் தன் கட்டத்தை விட்டு விலகவில்லை. கடையில் கழற்றிப் போட்ட எஞ்சின்களுக்கும் மண்ணெண்ணெய்க் கானுக்கும் நடுவே அதை வைத்தார்கள். வேறு இடம் இல்லை.

பிரசாந்தியின் கோபம் சத்தம் போடுகிற கோபம் அல்ல. அவள் பூட்டிய நட்டுகளில் அது தெரிந்தது. அந்த வருடம் அவள் இறுக்கிய நட்டுகளைக் கடலில் வைத்து எவராலும் கழற்ற முடியாமல், முனைப் பகுதி மீன்பிடித் தொழிலாளர் ஆளுக்கொரு நீள நட்டுச் சாவி வாங்கிப் படகில் வைத்துக்கொண்டார்கள். சதுரங்கச் சங்கத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினாள். ஒன்பதுக்கும் ஒரே பதில் வந்தது: நடுவரின் தீர்ப்பே இறுதியானது. ஒன்பதாவது பதிலில் அவளுடைய பெயரையும் பிழையாக எழுதியிருந்தார்கள். அடுத்த வருடம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். கடையை எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் தாய், கலியாணத்துக்குப் பிறகு உந்தப் பலகையை எங்கேயாவது குடுத்துவிடலாம்தானே என்று கேட்டார். பிரசாந்தி தேத்தண்ணித் தட்டத்தைத் திருப்பி உள்ளே கொண்டுபோனாள். அவர்கள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். அவள் அதற்குப் பிறகு ஒரு போட்டிக்கும் போகவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் கனகாம்பிகை ரீச்சர், இளைப்பாறிய பூமிசாத்திர ஆசிரியை, மெல்லிய குரல், ஒரு நிலையைப் பார்த்தால் அதன் ஓட்டையை மட்டும் பார்க்கிறவர். மற்றவர் எமில்ராஜ், யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் கொண்டக்டர், செக் கொடுக்கக் கிடைத்தால் கொடுத்தே தீருகிறவர். அசையாத பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகையை விரித்து, அதே நிலையை அடுக்கி, இருபத்தெட்டாம் நகர்வு என்னவாக இருந்திருக்கும் என்று பார்த்தார்கள். தொடக்கத்தில் எமில்ராஜ் அந்த நிலையைத் தன் போனுக்குள் போட்டுக் கேட்டார். போன் சுட்டது, பிறகு நின்றது. ரீச்சரின் மகன் கனடாவிலிருந்து அனுப்பிய போனுக்கும் அதுவே நடந்தது. மூன்றாவது போனைப் பரீட்சிக்க எவருக்கும் மனம் வரவில்லை.

பிரசாந்திக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ராணியால் செக், அவ்வளவுதான். அன்றைக்குக் கடிகாரம் நிறுத்தப்பட்டபோது அவளுடைய கை ராணியை நோக்கி எழும்பியிருந்தது. எமில்ராஜும் அதையே சொன்னார். செக், ராசா விலகும். மறுபடி செக், மறுபடி விலகும். எங்காவது ஒரு மூலையில் அகப்படும். இரண்டு வருடமாக அந்த மூலையைத் தேடினார்கள். குதிரையையும் வெட்டக் கொடுத்துப் பார்த்தார்கள். காலாளைத் தள்ளிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வழியையும் எமில்ராஜ் பழைய ரிக்கற் கட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினார். கட்டுகள் ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய வந்தன. 2019ஆம் ஆண்டு வைகாசியில் ஒரு ஞாயிறு, கனகாம்பிகை ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

“ஏழு செக் குடுக்கலாம் பிள்ளை. எட்டாவது இல்லை. உவன் ராசா நடந்து மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்திடுவான். அங்கை போனாப் பிறகு நீர் ஒரு கோட்டை குறைவுதான்.”

“ஆழ்வாப்பிள்ளை கதைக்கிறமாதிரிக் கதைக்கிறியள் ரீச்சர்.”

“ஆழ்வாப்பிள்ளை எண்ணினவர். நான் ஆடிப் பாத்தனான்.”

பிரசாந்தி அவருடைய குடையை எடுத்து வாசலில் வைத்தாள். எமில்ராஜ் இடையில் ஏதோ சொல்லப் போக, அவருக்கும் வாசலில் கிடந்த செருப்பைக் காட்டினாள். அதன்பிறகு நெடுநாள் ஒருவரும் வரவில்லை. நோய் வந்து ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். ஏரம்பு செத்துப்போனார். மண்ணெண்ணெய் இல்லாத வருடத்தில் படகுகள் கரையில் கிடந்தன; திருத்த எஞ்சின் இல்லாமல் அவள் பகல் முழுவதும் பலகைக்கு முன்னால் இருந்து ஏழு செக்கையும் திருப்பித் திருப்பிக் கொடுத்தாள். எட்டாவது கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் வந்த கிழமை ரீச்சர் வீட்டுக்குப் போய், படலையில் நின்று, “ஞாயிறு வாங்கோ,” என்று மட்டும் சொன்னாள். ரீச்சரும் எமில்ராஜும் வந்தார்கள். குடையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் சுபாஸ்கரன் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. மோட்டார்சைக்கிளை வீதியில் விட்டுவிட்டு, கடை வாசலில் செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றான். மூவரும் அவனைப் பார்த்தார்கள். பிரசாந்தியின் கையில் பெரிய நட்டுச் சாவி இருந்தது.

“ஏன் வந்தனீர்?”

“ஒரு நகர்வு சொல்லோணும்,” என்றான். அசையாத பலகைக்குப் போகாமல் பக்கத்துப் பலகைக்குப் போய், வெள்ளை மந்திரியை எடுத்தான். ஆட்டம் முழுவதும் புறப்பட்ட கட்டத்தை விட்டு ஒருமுறையும் அசையாத மந்திரி அது. அதை இரண்டு கட்டம் சாய்வாக இழுத்துப் பலகையின் விளிம்பில் வைத்தான். செக் இல்லை. ஒன்றையும் வெட்டவும் இல்லை. ஆனால் கறுப்பு ராசா வெளியே ஓடக்கூடிய ஒரே வழி அந்த மந்திரியின் பார்வையில் மூடிப்போனது.

ரீச்சர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். கறுப்புக்கு ஒவ்வொரு பதிலாகத் தேடினார். எமில்ராஜ் ரிக்கற் தாளில் எழுதிக்கொண்டே வந்து, ஒரு மணித்தியாலத்தின் பின் எழுதுவதை நிறுத்தினார். எந்தப் பதிலுக்கும் செக்மேற் இருந்தது.

“எப்ப கண்டனீர்?” என்று பிரசாந்தி கேட்டாள்.

“அண்டைக்கே. இருபத்தேழு ஆடிப்போட்டுக் கையை எடுத்த உடனை கண்டனான். ஆழ்வாப்பிள்ளை ஐயா வந்து மணிக்கூட்டை நிப்பாட்டினவுடனை, தப்பிச்சன் எண்டுதான் இருந்தது.”

“எட்டு வருசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீர்.”

“ஓம்.”

சாவியை அவள் கீழே வைக்கவில்லை. ரீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனை அடிக்க வேண்டும் என்றுதான் பிரசாந்திக்கு இருந்தது. ஆனால் அவளுடைய கண் மந்திரியிலேயே நின்றது. எட்டு வருடத்தில் ஒருநாளும் அவள் அந்தக் காயைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்த நாட்களில் அதை ஒரு மறைப்பு என்று மட்டுமே பார்த்திருந்தாள்.

“நான் எதை ஆடுவன் எண்டு நினைச்சனீர்?”

சுபாஸ்கரன் பக்கத்துப் பலகையில் நின்ற காயைத் தொட்டுக் காட்டினான். “ராணியை. உம்மடை கை எழும்பினதைக் கண்டனான்.”

“அப்ப நீர் வெண்டிருப்பீர்.”

“ஓம். ஒழுங்கா ஆடி வெண்டிருப்பன். அதுதான் எனக்கும் இவ்வளவு நாளும் உறுத்தினது.”

பிரசாந்தி சாவியை எஞ்சினின் மேல் போட்டாள். அவள் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. “வெற்றியைத்தான் பறிச்சார் எண்டு இருந்தன். என்ரை தோல்வியையும் எல்லோ அந்த மனிசன் கொண்டுபோயிருக்கிறார்,” என்றாள். “தோத்திருந்தா நான் அடுத்த வருசம் ஆடியிருப்பன்.”

ஆழ்வாப்பிள்ளைக்கு அப்போது எண்பத்தொரு வயது. எமில்ராஜ் போய் ஓட்டோவில் கூட்டிவந்தார். மனிதர் கைத்தடியோடு இறங்கி, பலகையைப் பார்த்து, ஆச்சரியம் எதுவும் காட்டாமல் கதிரையில் இருந்தார். மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள் என்று நினைத்து வந்திருக்க வேண்டும்.

“நான் எண்ணினது சரி. ஒரு கோட்டை குறைவு. இப்பவும் குறைவுதான்,” என்றார்.

“உங்களை ஒண்டும் கேக்கேல்லை. ஆடுங்கோ எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்,” என்றாள் பிரசாந்தி.

“எட்டு வருசத்துக்குப் பிறகோ?”

“நீங்கள்தானே நிப்பாட்டினீங்கள்.”

கிழவர் பலகையில் நின்ற காய்களை மறுபடி எண்ணினார். வெளியே ஒருவன் தன் எஞ்சின் திருத்தியாகிவிட்டதா என்று கேட்க, ரீச்சர் கையைக் காட்டி அவனை நிற்கச் சொன்னார். கடைசியில் ஆழ்வாப்பிள்ளை கைத்தடியால் நிலத்தில் ஒருமுறை தட்டி, “சரி, ஆடித் துலையுங்கோ,” என்றார். குரலில் எரிச்சல் மட்டுந்தான் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

எல்லோரும் மந்திரியைப் பார்த்தார்கள். பிரசாந்தி ராணியைப் பிடித்தாள். சுபாஸ்கரன், “வேண்டாம், மந்திரியை ஆடும்,” என்று மெதுவாகச் சொன்னான்.

“அது நீர் கண்ட நகர்வு. என்ரை இல்லை. என்னட்டை உம்மடை நகர்வைக் கொண்டுவந்து தராதையும்.”

ராணி இலேசாக எழும்பியது. செக். அவன் ராசாவை எடுத்து விலக்கினான், அதுவும் எழும்பியது. அவள் ஏழு செக்கும் கொடுத்தாள், எட்டு வருடத்துக் கோபத்தோடும் கொடுத்தாள். ஒவ்வொரு காயையும் வைத்த சத்தம் வீதிவரை கேட்டது. எட்டாவது இல்லை. நாற்பத்தோராம் நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினாள். சுபாஸ்கரன் பிடித்துக்கொண்டான். அவனுடைய கண்கள் நனைந்திருந்தன, அவளுடையவை காய்ந்திருந்தன. ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அடுத்த ஞாயிறு எனக்குக் கறுப்பு,” என்றாள்.

காய்கள் எல்லாம் கழன்றன, அந்த மந்திரியைத் தவிர. அது இன்றைக்கும் தன் கட்டத்தில் நிற்கிறது. பிரசாந்தி மறுபடி போட்டிகளுக்குப் போகிறாள்; கோபக்காரி என்று பெயர்; நட்டுகளை இப்போதும் இறுக்கித்தான் பூட்டுகிறாள். ஆழ்வாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அவள் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள், அந்தப் பலகையிலேயே ஆடுகிறார்கள். வெள்ளை எடுக்கிறவருக்கு ஒரு மந்திரி அசையாது என்பது அங்கே விதி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்களும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று ஆடத் தொடங்குவார்கள்.