முதல் அதிகாரத்தில் இறந்தவள்

சவரிநாதனின் ஓராண்டு நினைவுத் திருப்பலி முடிந்த பிறகுதான், அவர் எழுதிய நாவலைப் பரிசுக்கு எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. கொண்டுவந்தவர் ராசையா. மண்ணடியில் சின்னதாக ஓர் அச்சாபீஸ் வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். கல்யாணப் பத்திரிகையும் மாதா திருநாள் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தவர், சவரிநாதன் மேல் இருந்த பிரியத்தில் அந்த ஒரு நாவலைப் புத்தகமாகப் போட்டார். புத்தகம் கைக்கு வந்த அதே மழைக்காலத்தில் சவரிநாதன் மாரடைப்பில் போய்விட்டார்.

வியாகுலம்மாள் அப்போதுதான் காசிமேட்டு மணலில் காயப்போட்டிருந்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். கணவரின் அச்சாபீஸ் சிநேகிதரை வாசலில் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ராசையா நின்றபடியே சொன்னார்.

"அம்மா, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். கிறிஸ்தவ எழுத்தாளர் சங்கத்துல வருசா வருசம் நாவலுக்குப் பரிசு கொடுக்காங்கல்லா, இந்த வருசம் மூணு புஸ்தகம் கடைசிவரைக்கும் நிக்குது. அதுல ஒண்ணு நம்ம சாரோடது."

"பரிசு குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பொங்கல் கழிச்சு விழா. மேடையில வச்சுத்தான் பேரைச் சொல்லுவாங்க. சாருக்குப் பதிலா நீங்கதான் வந்து உக்காரணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "வர்றேன். ஆனா அதுல இன்னா எழுதிக்கீறாருன்னு யாராவது கேட்டா நான் இன்னா சொல்றது?"

ராசையாவுக்கு அது தோன்றவேயில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது என்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

சவரிநாதன் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. மீனவக் குடும்பத்தில் முதலில் படித்தவர் அவர்தான். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து எழுதுவார். அவருடைய முதுகுதான் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் அந்த முதுகோடு பேசிக்கொண்டிருப்பாள். மீன் விலை, தெருச் சண்டை, கோயில் கொடியேற்றம், எல்லாம். அவர் 'ம்' என்பார். மகள் ஃப்ளோரன்ஸ் நாலு வயதில் காய்ச்சலில் போன பிறகு அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அப்புறம் அந்த வீட்டில் சோறு, குடை, சாவி என்ற அளவில்தான் பேச்சு நடந்தது. கூடத்தில் எழுதும் சத்தமும் அடுப்படியில் பாத்திரச் சத்தமும் கேட்கும்.

அடுத்த வீட்டு ஷரீஃபுன்னிசா எட்டாவது வரை படித்தவள். ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். புருஷன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். மத்தியான நேரங்களில் வந்து நாவலைப் படித்துக் காட்ட அவள் ஒத்துக்கொண்டாள்.

நாவலுக்குப் பெயர் 'கழிமுகத்துக் கோயில்'. முன்னூறு வருஷத்துக்கு முந்திய கதை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த காலத்தில், எண்ணூர்க் கழிமுகத்தில் பனையோலை வேய்ந்த ஒரு சின்னக் கோயில். மயிலாப்பூரிலிருந்து வந்த பங்குச் சாமியார், மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போனவர் வரவில்லை. இன்னாசி என்ற வலைக்காரன் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். அவன் மனைவி சிலுவையம்மாள் முதல் அதிகாரம் முடிவதற்குள் இறந்துபோகிறாள்.

"செத்துட்டாளா?" என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

"ஆமாக்கா."

"மொத அதிகாரத்துலயேவா?"

"அப்டித்தான் போட்டுக்கீது."

"நாலு பக்கம் நிக்க வுடல பாரு, அந்த மனுசன்."

ஷரீஃபுன்னிசா சிரித்தாள். "அது நீ இல்லக்கா. கதை."

"நான்னு யாரு சொன்னா? ஒரு பொண்டாட்டிய எழுதுனா கொஞ்ச நாளு வாழ வுட்டாத்தான் இன்னா?"

மறுநாள் படிக்க உட்கார்ந்ததும் வியாகுலம்மாள், "இவனுக்கு அப்பால வேற கல்யாணம் ஆவுதா?" என்று கேட்டாள். ஷரீஃபுன்னிசா பக்கங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் கண்ணில் படவில்லை என்றாள். வியாகுலம்மாளுக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் அதிகாரத்தில் இன்னாசி செத்துப்போன மனைவியோடு பேசத் தொடங்கினான். பொழுது சாய்ந்ததும் கோயில் படியில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்வான். வலையில் என்ன விழுந்தது, கழிமுகத்தை மணல் எப்படி அடைத்துக்கொண்டு வருகிறது, ஊர் ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே போவது, பெருச்சாளி வந்து மெழுகுவத்தியைத் தின்றது. இப்படிப் பக்கம் பக்கமாகப் போயிற்று. ஓர் இடத்தில் அவன் சொல்கிறான்: 'நீ உலைக்கு முன்னால் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்பாய். மற்றக் காலை முழங்காலுக்குக் கீழே ஊன்றிக்கொள்வாய். வலிக்காதா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.'

ஷரீஃபுன்னிசா படிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "அக்கா, இது நீதான்."

வியாகுலம்மாள் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனிதர் இதை எப்போது பார்த்தார்?

அதற்குப் பிறகு அவள் மத்தியானத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். கருவாட்டை அவசர அவசரமாகப் புரட்டிப் போட்டுவிட்டு ஓடிவருவாள். கூட வேலை செய்த பெண்கள், புருஷன் செத்த பிறகு இவளுக்கு வீட்டில் என்ன வேலை என்று பேசிக்கொண்டார்கள். வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால், ஷரீஃபுன்னிசாவின் குரலுக்கு அடியில் சவரிநாதனின் குரல் கேட்பதுபோல் இருக்கும். உண்மையில் அவர் குரல் எப்படி இருந்தது என்பதே அவளுக்குச் சரியாக நினைவில் இல்லை. அவ்வளவு குறைவாகத்தான் அதைக் கேட்டிருந்தாள்.

பாதிப் புத்தகம் தாண்டி ஒருநாள் அந்த இடம் வந்தது. இன்னாசிக்கும் ஒரு பெண் குழந்தை இருந்து இறந்திருந்தது.

'பிள்ளையைப் புதைத்த மறுநாள் கடலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன், சிலுவை. நான் கடலுக்குப் போகவில்லை. கரையேற்றிக் கிடந்த தோணியின் மறைவில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். உன் எதிரில் அழுதால் நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். நீயோ, இவனுக்கு நெஞ்சே இல்லை என்று நினைத்துக்கொண்டாய். அப்படி நினைப்பது உனக்குச் சுலபமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.'

"நிறுத்து," என்றாள் வியாகுலம்மாள்.

ஃப்ளோரன்ஸைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, சவரிநாதன் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். பாயில் கிடந்த அவள் அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவர்மேல் விழுந்த வெறுப்பை அவள் பிறகு எடுக்கவேயில்லை.

"ஷரீபு, இது நெசமா, கதையா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? புஸ்தகத்துல போட்டுக்கீது."

"நான் இங்கதான குந்திகினு இருந்தேன். இதோ, இந்த எடத்துல. செத்தவகிட்ட அவ்ளோ பேச்சு பேசறான். உசுரோட எதிர்ல கீறவகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

ஷரீஃபுன்னிசா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் அதற்கு மேல் படிக்கவில்லை.

விழா மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஷரீஃபுன்னிசாவின் புருஷன் வண்டியோடு திரும்பிவந்த நாள் என்பதால் அவளால் வரமுடியவில்லை. ராசையா விழாவுக்கு மாலை, மேளம் என்று ஏற்பாடுகளில் அலைந்துகொண்டிருந்தார். வியாகுலம்மாள் தனியாகப் பஸ் ஏறிப் போய், முன்வரிசையில் காட்டப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலிகளில் மற்ற இரண்டு எழுத்தாளர்களும் அவர்கள் குடும்பமும். ஒருவரின் மனைவி புன்னகைத்து, "நீங்களும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள். வியாகுலம்மாள் தலையை ஆட்டி இல்லை என்றாள்.

துறைமுகத்திலிருந்து ஒரே ஒருவர் வந்திருந்தார். சவரிநாதனோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற லியாகத் அலி. கடைசி வரிசையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடுவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஒவ்வொரு நாவலைப் பற்றியும் பொறுமையாகப் பேசினார். முதல் நூற்றாண்டு ரோமாபுரியை வைத்து எழுதப்பட்ட நாவலுக்குத்தான் பரிசு என்று அறிவித்தார். 'கழிமுகத்துக் கோயில்' பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. நம் கரையோரத்து விசுவாசிகளின் வாழ்வை இவ்வளவு நெருக்கமாக யாரும் எழுதியதில்லை என்றார்.

"ஒரே ஒரு குறை. இறந்துபோன மனைவியோடு கதாநாயகன் பேசும் பகுதிகள் மிக நீளம். அவை கதையை முன்னே போகவிடாமல் பிடித்து இழுக்கின்றன. அவற்றை மட்டும் சுருக்கியிருந்தால், இன்றைக்கு என் தீர்ப்பு வேறாக இருந்திருக்கலாம்."

ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு அவளை மேடைக்கு அழைத்து ஒரு சால்வை போர்த்தினார்கள். அவள் நடுவரைக் கும்பிட்டாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் பேசியது வேறு யாரோ ஒருவருடைய புத்தகத்தைப் பற்றி என்பதுபோல் இருந்தது.

பஸ் நிறுத்தம்வரை லியாகத் அலி கூட வந்தார்.

"நல்ல மனுசன்மா. கூடவே வேலை செஞ்சோம், இப்டி ஒரு வேலை பண்ணிகினு கீறாருன்னு எங்ககிட்ட மூச்சு வுடல," என்றார்.

"பாய், ஒண்ணு கேக்கட்டா? எங்க பொண்ணு செத்துச்சே, அடக்கம் முடிஞ்ச மறுநாளு அவரு வேலைக்கு வந்தாரா?"

லியாகத் அலி நடையை நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். வாய்க்கு வந்த ஒரு பதிலைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனாலும் சொல்லவில்லை.

"அந்த நேரத்துல நான் வேற ஷிப்ட்ல இருந்தேனோ இன்னாவோ. ரொம்ப வருசம் ஆச்சும்மா. ஞாபகம் இல்ல."

"சரி பாய்."

"ஏம்மா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

பஸ் வந்தது. பெண்கள் பக்கத்தில் இடம் இருந்தது. கடற்கரைச் சாலையெல்லாம் அவள் சால்வையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். சவரிநாதனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும் விஷயம். கேட்கவேண்டிய ஆள் இருந்தபோது அவளுக்குக் கேள்வியே இல்லை.

தவக்காலம் தொடங்கியபோது ராசையா மறுபடி வந்தார். இந்தத் தடவை முகத்தில் உற்சாகம். பரிசு கிடைக்காவிட்டாலும் சங்கத்தார் அந்த நாவலை விடுவதாக இல்லை. மறுபதிப்புப் போட்டால் ஊர் ஊராகப் பள்ளிக்கூட நூலகங்களுக்கு வாங்கி அனுப்பத் தயாராக இருந்தார்கள்.

"பிள்ளைங்க படிக்கும் அம்மா. சார் பேரு நிலைச்சிரும். அந்த ஐயா சொன்னாரே, அந்தப் பேச்சுப் பகுதியை மட்டும் கொஞ்சம் எடுத்துரணும். நீங்க சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"எவ்ளோ எடுப்பீங்க?"

"முக்காவாசி போயிரும்."

ஷரீஃபுன்னிசாவும் அங்கே இருந்தாள். "சரின்னு சொல்லுக்கா. நாலு பேரு படிச்சாத்தான அவரு எழுதுனதுக்கு மரியாத?"

வியாகுலம்மாள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "வாணாம்," என்றாள்.

"ஏம்மா?"

"அது எனுக்குச் சொன்னது. அத்த எடுக்கக்கூடாது."

ராசையா மெதுவாகத்தான் கேட்டார். "உங்களுக்கு மட்டும்னா சார் அதை ஏன் அச்சுக்குக் கொண்டாந்தாரு? ஊரு படிக்கணும்னுதானே என்கிட்ட வந்தாரு?"

அவள் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுபடியும் வேண்டாம் என்றே சொன்னாள். மூன்றாவது முறை அவர் கேட்டபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ராசையா செருப்பை மாட்டிக்கொண்டார்.

தான் செய்தது சரிதானா என்று அவளுக்குப் பல நாள் உறுத்தியது. கருவாட்டைப் புரட்டும்போதும், பூசையில் முழங்காலிடும்போதும், அவருக்குச் சேரவேண்டியதை மறித்துவிட்டோமோ என்று தோன்றும். அந்த ஆண்டு சங்கம் ரோமாபுரி நாவலைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியதாகக் கேள்விப்பட்டாள். 'கழிமுகத்துக் கோயில்' பிறகு அச்சேறவில்லை.

ஆடி பிறப்பதற்குள் ஷரீஃபுன்னிசாவின் புருஷனுக்கு விம்கோ நகர்ப் பக்கம் வேலை கிடைத்து, அவர்கள் குடிபெயர்ந்தார்கள். போகும்போது ஷரீஃபுன்னிசா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வந்து படித்துக் காட்டுகிறேன் என்றாள். ஒரு ஞாயிறு வந்தாள். அப்புறம் குழந்தை உண்டாகியிருப்பதாகச் சேதி மட்டும் வந்தது. கோயில் உபதேசியார் தாமாகவே வந்து படிக்க உட்கார்ந்தார். அவர் படித்தபோது இன்னாசி பிரசங்கம் செய்வதுபோல் இருந்தது. வியாகுலம்மாள் மரியாதைக்கு ஓர் அதிகாரம் கேட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுவருஷம் ஒரு காலையில், மார்க்கெட்டில் கருவாடு வாங்க வந்த ஒருத்தி பேரம் பேசி முடித்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள்.

"உன் வூட்டுக்காரருதான புஸ்தகம் எழுதிக்கீறாருன்னு சொல்றாங்க? இன்னா கதை அது?"

வியாகுலம்மாள் நெத்திலியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"ஒரு ஆளு தனியா கீறான். பேசிகினே கீறான். அவ்ளோதான்."

"இவ்ளோதானா?" என்றாள் வந்தவள். பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தாள்.