வுகாஷின் மாமாவின் பேசாத கற்கள்

1

தெற்கு செர்பியாவிலேயே தலைசிறந்த பித்தப்பை என் தாய்மாமா வுகாஷினுடையது. வயிற்றில் நான்கு கற்களைச் சுமந்தும் ஒருநாளும் முனகாத உறுப்பு அது. இதை முழுப் பொறுப்போடு எழுதுகிறேன். (பொறுப்பு மாமாவுடையது. எழுத்து மட்டும் என்னுடையது.)

கதை பிறந்த விதத்தை ஒளிப்பானேன்? கல்லூரிப் பத்திரிகையில் முதல்வரைக் கிண்டலடித்து நான் எழுதியதை மாமா படித்துவிட்டார். "டேய் மாப்ள, அந்தாளப் பத்தி எழுதி என்னடா புண்ணியம்? என் பித்தப்பையப் பத்தி எழுது. நாடு நிமிரும்."

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை. வுகாஷினின் வயிற்றுக்குள்ளோ..." வேண்டாம்.

இரண்டாவது: "ஈரலுக்கு அடியில் பேரிக்காய் வடிவத்தில் தொங்கும்..." பரீட்சை வாடை அடிக்கிறது.

நடந்ததையே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊர் டாக்டர் யாகோதா மாமாவின் வயிற்று ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வலிச்சிருக்கா? சாப்பிட்டப்புறம், வலது விலாவுக்குக் கீழ, தோள்பட்ட வரைக்கும் இழுத்துக்கிட்டு?"

"எனக்கா? வலி என்னப் பாத்தா வேற தெருவுல போகும்."

"அப்போ ஆபரேஷன் வேண்டாம். பேசாத கல்ல நாங்க தொடுறதில்ல. ஒரு தடவ பேசிடுச்சுன்னா மறுபடியும் பேசும், அப்ப வந்துடுங்க. காய்ச்சல் வந்தாலோ கண்ணு மஞ்சளானாலோ யோசிக்கக்கூட நேரம் இருக்காது."

ஆக, அறுப்பதா வேண்டாமா என்ற தீர்ப்பு கல்லின் கையில் இல்லை, மாமாவின் வாயில் இருந்தது. அந்த வாய் பொய் சொன்னது. அதற்குள் இரண்டு முறை வலித்திருந்தது. இரண்டு முறையும் ஒத்தடம் கொடுத்தவர் மாமாவின் மனைவி தெசாங்கா அத்தை.

[அத்தையாவது டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் கேட்டேன். "நான் ஒன்னு சொன்னா அந்த மனுஷன் ரெண்டு பொய் சேத்துச் சொல்லுவாரு" என்றார். பாத்திரம் ஒத்துழைக்காவிட்டால் எழுதுகிறவன் என்ன செய்வான்?]

3

இந்த இடத்தில் திஹோமிர் வந்தாக வேண்டும். மாமாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். எங்கள் பக்கம் அந்த உறவு உடன்பிறப்புக்கும் ஒருபடி மேல். போன வருடம் அவருடைய பித்தப்பையை அறுத்து எடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அந்தக் கதைதான், மயக்க ஊசியிலிருந்து தொடங்கி.

"ஆரம்பிச்சுட்டான்யா!" என்று மாமா கூவுவார். "கோழியக்கூட இவ்வளவு சுத்தமா உரிச்சதில்லையாம்!" அந்த வருடம் தன் வீட்டுத் திருநாளில் திஹோமிர் நாற்காலியில் உட்கார்ந்தபடி விருந்தினருக்கு ஊற்றியதற்கும் ஏச்சுத்தான். "வீட்டுக்காரன் உக்காந்து ஊத்துனா அது சாராயமில்லடா, கஷாயம்."

4

எங்கள் பக்கம் குடும்பத்துக்கொரு புனிதர் உண்டு; அவர் திருநாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமே வருவார்கள். வந்தவர்கள் எழுந்து கிளம்பும்வரை வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. இந்த வருடம் மாமா வீட்டுத் திருநாளுக்கு டாக்டர் யாகோதாவும் ஒரு வைன் பாட்டிலோடு வந்துவிட்டார். (நான் இழுத்து வரவில்லை. ஊர் சின்னது.)

மாமா பன்றி வறுவலில் ஒரு துண்டைத் தின்றுவிட்டுப் பிளம் சாராயத்தோடு மேசையைச் சுற்றினார். "டாக்டரம்மாவையே கேளுங்க! கத்தியே வேண்டாம்னுட்டாங்க!"

பாதிச் சுற்றில் அவர் இடது கை வலது விலாவுக்குப் போனது. முகம் சாம்பலானது. முதுகு மட்டும் வளையவில்லை.

"நிக்கிற கம்பீரத்தப் பாரு! அப்படியே அவங்கப்பன்!" என்றார் ஒரு விருந்தாளி. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. மரியாதையால் நிற்கிறார் என்றே எல்லோரும் நினைத்தோம்.

5

முடிவு (அ): மாமா மேசைமேல் சரிகிறார், கண்ணாடிக் கோப்பைகள்... சினிமா. அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): சாராயத்தில் கற்கள் கரைந்துபோகின்றன. ஊர் நம்பும். டாக்டர் நம்பமாட்டார்.

நடந்தது இது. திஹோமிர் எழுந்துவந்து பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

"குடு, நான் ஊத்துறேன்."

"கைய எடு. இது என் வீட்டுத் திருநாள்."

"எத்தனாவது தடவடா இது?" திஹோமிர் குரலைத் தாழ்த்தினார். "நானும் மூணு வரைக்கும் வாயத் திறக்கல. நாலாவதுல கண்ணு மஞ்சளாயி, பிழச்சதே பெரும்பாடு. அதையும் சேத்துத்தான் சொன்னேன். நீ சிரிச்ச சிரிப்புல உன் காதுலயே விழல."

மாமா மேசையின் கோடியில் இருந்த டாக்டரைப் பார்த்து, நான் அதுவரை கேட்டிராத குரலில் பேசினார்.

"டாக்டரம்மா... வலிச்சிருக்குங்க. ரெண்டு தடவ. இப்போ மூணாவது."

அத்தை அடுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் முள்கரண்டியை வைத்துவிட்டு வந்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார், விலாவுக்குக் கீழே அழுத்தினார். மாமாவின் மூச்சு ஒரு கணம் நின்றது.

"காய்ச்சல் இல்ல, மஞ்சளும் இல்ல. நல்ல நேரத்துல சொன்னீங்க. காலைல வாங்க, ரத்தம் பாத்துட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சுடலாம். வலி அடங்கலன்னா காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே கிளம்பிடுங்க."

"சரிங்க." மாமா மூச்சை இழுத்துக்கொண்டார். "ஆனா ஒன்னு எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு நாலு கல்லு. இவனுக்கு ரெண்டுதான்."

தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அறுவைக்கூடத்துக்குள் நான் வரமாட்டேன். வெள்ளை விளக்கில் முடியும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. மாமா கண் விழிக்கும் வரிக்கு உங்கள் பேனாதான் பொறுப்பு.

நான் பார்த்ததோடு நிறுத்துகிறேன். பாட்டிலை அத்தையிடம் கொடுத்துவிட்டு, திஹோமிருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாமா உட்கார்ந்தார். விருந்தினர் ஒருவரும் இன்னும் எழுந்து கிளம்பியிருக்கவில்லை.

"ம்" என்றார் மெதுவாக. "மயக்க ஊசியிலேர்ந்து சொல்லு."