மாடிவீட்டு டிவியில் எங்கள் சுவர்

செப்டம்பர் 12, வியாழன்

நேற்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ஒரே ஒரு படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டு அதை மட்டும் பகிர வேண்டும் என்பது மாலைக் கணினி வகுப்பில் சார் கொடுத்த பயிற்சி. நான் படங்கள் இருக்கும் மொத்த ஃபோல்டரையும் பகிர்ந்துவிட்டேன். சார் சொன்னதை முழுதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை.

அதற்கு முன்னால் கணினியின் இணைப்பைப் ‘பொது’ என்பதிலிருந்து ‘தனிப்பட்டது’ என்று மாற்ற வேண்டும். தனிப்பட்டது என்றால் பூட்டிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். நேர்மாறாம். பொது என்று வைத்தால் நம் கணினி மற்றவற்றின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும். தனிப்பட்டது என்று வைத்தால், அதே வைஃபையில் இருப்பவற்றுக்கெல்லாம் ‘இதோ இருக்கிறேன்’ என்று முகம் காட்டும்.

“பஸ் ஸ்டாண்டுல முகத்தை மூடிக்கோங்க, வீட்டுக்குள்ள திறந்துக்கோங்க. அவ்ளோதான் விஷயம்” என்றார் சார்.

“என் வீட்டுல வந்து பாருங்க சார், அப்புறம் மாத்திச் சொல்வீங்க” என்றார் கடைசி பெஞ்சுத் தையல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாற்றினேன். இது வீடுதானே என்று நினைத்தேன். வைஃபை பெட்டி மாடியில் ஓனர் வீட்டில் இருக்கிறது, அவர்கள் இணைப்பில்தான் நாங்களும் தொற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

கீழ்வீட்டில் அண்ணன், அண்ணி, ஒன்றரை வயதுக் குட்டி, நான். ஓனரின் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே ஒழுகி, குட்டியின் தொட்டிலுக்குப் பின்னால் இறங்குகிறது. சுவர் ஊறிப் பூஞ்சை பூத்துவிட்டது. குட்டிக்கு இருமல் நிற்கவேயில்லை. மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்த டாக்டர் கடைசியில், “இனிமே செவுத்துக்குத்தான் மருந்து கொடுக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

அண்ணி சொல்லும்போதெல்லாம் அண்ணன் மாடி ஏறுவான். காபி குடித்துவிட்டு, அவர்கள் வாங்கிய புது சோஃபாவைப் பாராட்டிவிட்டு இறங்கி வருவான். அவனையும் குறை சொல்ல முடியாது. “பிடிக்கலேன்னா காலி பண்ணிக்கலாம், தாராளமா” என்பது ஓனரின் வாடிக்கையான பேச்சு. அவர் வாயில் தாராளம் என்ற சொல் வருவது அந்த ஓரிடத்தில்தான்.

அதனால் அண்ணி தன் கோபத்தைக் கணினியில் சேர்த்து வந்தாள். ஞாயிறுதோறும் சுவரைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பாள். ‘கஞ்சனின் நீர்வீழ்ச்சி.’ ‘கஞ்சனின் பூஞ்சைத் தோட்டம்.’ ‘குட்டி இருமும் இடம்.’ எங்கள் படங்களுக்கு நடுவில் இதெல்லாம் இருக்கிறது என்று எனக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

நான் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பில் போடும் ஆள் தாமதமாகப் போனால் கடையே நின்றுவிடும் என்று எனக்கு ஒரு பயம். அப்போது ஓனர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“தம்பி! என்னை டிவியில போட்டுட்டீங்களே!”

“உங்களையா? டிவியிலயா?” அண்ணன் வாழ்த்துச் சொல்பவனைப் போல எழுந்து நின்றான்.

“என் குழாயை! அதுக்குப் பட்டப்பேரு வேற!”

ரிமோட்டும் கையுமாகப் பின்னாலேயே ஓனரம்மா வந்தார். “சீரியல் தேடிட்டிருந்தேன்மா. ‘கீழ்வீடு’ன்னு புதுசா ஒண்ணு வந்திருந்துச்சு. குடும்பக் கதைன்னு நினைச்சு அமுக்கிட்டேன். படம் ரொம்பத் தெளிவு.”

எங்கள் கணினிக்குக் கீழ்வீடு என்று பெயர் வைத்தது நான்தான்.

“தெளிவாம்ல தெளிவு!” என்றார் ஓனர். “சம்பந்தி வீட்டுல இந்நேரம் டிவி ஓடிட்டிருக்கும். ஊரே பாத்துச் சிரிச்சிருக்கும். எத்தனை நாளா ஓடுது இது?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கணினி, அதே வைஃபையில் இருக்கும் அவர் டிவிக்கும் முகம் காட்டியிருக்கிறது. தன் டிவியில் வந்தது எல்லார் டிவியிலும் வருகிறது என்று நினைத்துவிட்டார். விளக்க வேண்டியது என் கடமை.

“இல்லீங்க சார், அது இந்த வைஃபைக்குள்ள...”

அண்ணி சட்டென்று குட்டியைத் தூக்கி என் கையில் திணித்தாள். குட்டி என் வாய்க்குள் விரலை விட்டது. பிறகு ஓனரின் முகத்தைப் பார்த்து நெஞ்சு குலுங்க இருமியது. கற்றுக்கொடுத்தால்கூட அவ்வளவு பொருத்தமாக வராது. ஓனரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

“அவ படிக்கிற இடத்துல கொடுத்த பாடம்ங்க. நாங்க என்ன கண்டோம்?” என்றாள் அண்ணி. “செவுரு சரியாச்சுன்னா, பழசெல்லாம் எடுத்துட்டுப் புதுப் படம் போட்டுடுவா.”

“என்ன பேர் வைப்பா?”

“அதை நீங்களே சொல்லிடுங்களேன்.”

ஓனர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “தாராளம்னு போடச் சொல்லு” என்றார்.

நான் கடைக்குப் போய்விட்டேன். மதியமே பிளம்பர் வந்து, சுவரைக் கொத்தி, குழாயை மாற்றிவிட்டாராம். நாளைக்குப் பூச்சு, அடுத்த நாள் பெயின்ட். நான் கடையிலிருந்து திரும்பியபோது தொட்டிலை என் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து, “பாத்தியா, பக்குவமாப் பேசினா எதுவும் நடக்கும்” என்றான்.

“ஆமா, நீங்க பேசின பேச்சுலதான் குழாய் பயந்துடுச்சு” என்றாள் அண்ணி.

நான் அவளைத் தனியாக அழைத்து, ஓனரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

“நீ ஒரு பொய்யாவது சொன்னியா?”

“இல்ல. ஆனா பாதியிலயே நிறுத்திட்டேன்.”

“மீதியைப் பெயின்ட் காஞ்சதும் சொல்லிக்கோ, வாத்தியாரம்மா. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் பக்கம் போனே, குட்டியை ராத்திரி முழுக்க நீதான் பாத்துக்கணும்.”

மாலை வகுப்பில் சார் கேட்டார். “பயிற்சி முடிஞ்சுதா? இணைப்பைத் திரும்பப் பொதுவுக்கு மாத்தியாச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“ஏன்?”

“பெயின்ட் காயணும் சார்.”

சார் அடுத்த ஆளிடம் போய்விட்டார். படிப்பில் நான் தேறுவேனா என்ற சந்தேகம் இப்போது அவருக்கும் வந்திருக்கும்.

திரும்பி வரும்போது படியருகே ஓனரம்மா காத்துக்கொண்டு நின்றார். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“தெரியும்மா” என்றார் குரலைத் தாழ்த்தி. “சம்பந்தி வீட்டுக்குக் காலையிலேயே போன் போட்டுக் கேட்டுட்டேன். அங்க அப்படி ஒண்ணும் வரலையாம்.”

“சாருக்கு?”

“அவருக்கு எதுக்கு? வேலை முடியட்டும்.” மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். “எங்க சமையலறைக் குழாய் ரெண்டு வருஷமா சொட்டுது. அதையும் உங்க கீழ்வீட்டுல போட முடியுமா? பேரை நான் சொல்றேன்.”

முடியாது என்று சொல்ல நினைத்தேன். உள்ளே குட்டி இருமியது. நேற்றையதைவிடக் குறைவு போலத்தான் கேட்டது. ஆனால் இப்படியெல்லாம் எனக்குத் தோன்றுவதை நம்ப முடியாது.

நாளை: கடைக்குப் போகுமுன் மாடிக்குப் போய், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது சமையலறைக் குழாயைப் படம் எடுக்க வேண்டும். அதைத் தனி ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரை மட்டும் பகிர வேண்டும்.