வெண்மதி வரைந்த கம்பம்

"நவம்பர் 18, திங்கள். இன்று ஒரு பிழை. வெண்மதியின் படத்துக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். என்ன படம் என்று அவளைக் கேட்கவில்லை."

இளவரசுவின் நாட்குறிப்பு எப்போதும் அன்றைய பிழையில்தான் தொடங்கும். சிதம்பரத்தில் பி.எட். படித்துக்கொண்டே, மாலையில் தன் ஊரான அண்ணாகிராமத்தில் பதினாறு பிள்ளைகளுக்குக் குறிகளையும் சின்னங்களையும் வரையச் சொல்லிக்கொடுத்து வந்தான். அன்றைய வேலை, ஓர் எழுத்துகூட இல்லாமல் 'போகாதே' என்று சொல்வது. பதினைந்து பேர் சிவப்பு வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்தார்கள். வெண்மதி மட்டும் உயரமாகக் கம்பம் வரைந்து, உச்சியில் கறுப்பாகக் கூடை மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள்.

"குப்பைக்கூடைய ஏண்டி அவ்ளோ மேல கட்டுன, காக்கா வந்து போடுறதுக்கா?" என்று பக்கத்தில் இருந்த கனிமொழி கேட்க, வகுப்பே சிரித்தது. இளவரசுவும் சிரித்துவிட்டான். கடலூர் முதுநகரிலிருந்து சித்தி வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை வெண்மதி. மறுநாள் அவள் நோட்டில் தேதி மட்டும் இருந்தது. இனி வரையவே மாட்டாளோ என்று அவனுக்குப் பயம் வந்தது.

புதன் காலை ஒரு சான்றிதழுக்காகக் கடலூர் போனவன், திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்ததால் துறைமுகம் வரை நடந்தான். அங்கே அதே கம்பம், உச்சியில் அதே கூடை. வலை சுருட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டான்.

"புயல் கூண்டு தம்பி. அது ஏறிட்டா ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டோம். நீங்க எந்த ஊரு?"

அண்ணாகிராமம் என்றான்.

"அதான். முந்திரிக் காட்டுல யாரு கூண்டு ஏத்துறாங்க?"

அன்று மாலை எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னான். வெண்மதியின் படம் சரி, தான் போட்ட குறிதான் தவறு என்றான். வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள்.

"கூண்டு ஏறியிருக்கா சார்? அப்ப எங்கப்பா வீட்லதான் இருப்பாரு." சற்று யோசித்தாள். "எத்தினாம் நம்பரு?"

கேட்கவில்லை என்றான்.

"நம்பர் பாக்காமலா வந்தீங்க? ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வடிவம் இருக்கு சார்." கனிமொழியின் பென்சிலை வாங்கி, நோட்டில் தேதி மட்டும் இருந்த பக்கத்தைத் திறந்தாள்.

"நவம்பர் 20, புதன். பிழை: கூண்டைப் பார்த்தேன், நம்பரைக் கேட்கவில்லை. நாளை: வெண்மதி பலகையில் கூண்டுகளை வரைவாள். பதினைந்து பேரும் நானும் பார்த்து வரைய வேண்டும். சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்க வேண்டும்."